சந்தனம் வைத்த வயர்ப்பெட்டி

25 செப்டம்பர், வியாழன்

இன்று சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. காலாண்டுப் பரீட்சை முடிந்து பேனாவை மூடுவதற்குள் சண்முகவடிவு மிஸ் என்னை லேபுக்குக் கூப்பிட்டார். பதினொன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பது மிஸ்தான்.

எங்கள் லேபில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் லினக்ஸில் ஓடுகின்றன. எங்கள் பெயர், பாஸ்வேர்டு, நாங்கள் எழுதிய புரோகிராம் எல்லாம் ஜன்னலோரம் இருக்கும் சர்வரில்தான் இருக்கும். அதனால் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 'உலகம்மாள்' என்று என் பெயரைக் கொடுத்தாலும் என் ஃபைல்கள் வந்துவிடும். எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான்.

இன்று யார் எதைச் சேமித்தாலும் இடமில்லை என்றது. மிஸ்ஸுக்குக் கறுப்புத் திரை பிடிக்காது. மௌஸ் இல்லாமல் வெறும் எழுத்தாகப் பேச வேண்டியிருப்பது அவருக்குப் பயம். "நீதான் லைப்ரரியில எடுத்த தடிப் புக்கைத் தூக்கிட்டுத் திரியுதியே, நீயே பாரு உலகு" என்று ரூட் பாஸ்வேர்டைச் சொன்னார். அது தெரிந்தால் சர்வரில் எதையும் செய்யலாம். "யார்ட்டயும் சொல்லிராத" என்றும் சொல்லிவிட்டு, விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

எந்த இடம் நிறைந்திருக்கிறது என்று சர்வரைக் கேட்டேன். பிறகு அங்கே எது பெரியது என்று கேட்டேன். எப்போதோ கழற்றி எடுத்துப்போன ஒரு பிரிண்டரை சர்வர் இன்னமும் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. காணவில்லை, காணவில்லை என்று ஒரே வரியை எழுதி எழுதியே இடத்தை அடைத்துவிட்டது. பாவமாக இருந்தது. மிஸ்ஸிடம் காட்டிவிட்டு அதை அழித்தேன், தேடுவதையும் நிறுத்தச் சொன்னேன்.

லேபைப் பூட்ட வந்த பள்ளி உதவியாள் முப்பிடாதி அக்கா என் தோளுக்குப் பின்னால் வெகுநேரம் நின்று பார்த்தாள். "என்னட்டி இது, டி.வி. கெட்டுப்போன மாதிரி இருக்கு" என்றாள்.

வயிறு கனக்கிறது. அம்மா உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

26 செப்டம்பர், வெள்ளி

பள்ளியில் சரஸ்வதி பூஜையை இன்றே வைத்துவிட்டார்கள். நாளையிலிருந்து விடுமுறை.

காலையில் எங்கள் வகுப்புதான் லேபைச் சுத்தம் செய்தது. நான் போகவில்லை. மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் சைக்கிள் ஷெட் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே சில அக்காக்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பூஜைக்கும் யாராவது சிலர் அங்கே இருப்பார்கள். காரணம் எழுத வேண்டியதில்லை.

இன்று புத்தகம் தொடக் கூடாது என்பார்கள். நெட்வொர்க் புத்தகத்தைத் துப்பட்டாவால் மூடி மடியில் வைத்துப் படித்தேன்.

பூஜை முடிந்ததும் ஹமீதா சுண்டல் கொண்டுவந்தாள். என் வகுப்பில் என்னோடு சண்டை போடாத ஒரே ஆள் அவள்தான், லேப் லீடரும் அவள்தான். "எனக்குச் சந்தனம் குழைக்கிற வேல. என் கைமணம் பாரு" என்று மூக்கருகில் விரலை நீட்டினாள்.

"எதுக்கெல்லாம் பொட்டு வச்சிய?"

"எதுக்கு வைக்கலன்னு கேளு. சர்வரு, மானிட்டரு, மிஸ்ஸோட ஸ்கேலு. பெரிய டீச்சர் வந்தாவ பாரு, எங்க வேல ஒண்ணும் சரியில்லயாம். சாமி படத்துக்குப் பக்கத்துல வயரு தொங்குதாம். வீட்டுல என்னத்தப் பெருக்குதியன்னு ஏசிட்டு, அவியளே எடுத்துச் சொருவுனாவ. அதுக்கப்புறம்தான் மிஸ் பொட்டே வச்சாவ."

சுண்டலில் உப்பு இல்லை. எங்களுக்குக் கடைசியாக வந்ததால் தேங்காயும் இல்லை.

1 அக்டோபர், புதன்

அப்பா எலுமிச்சை மண்டியிலிருந்து வரவே இல்லை. ஆயுத பூஜை நாளில் வியாபாரம் அதிகம். தண்ணீர் பிடித்தேன், மாவு ஆட்டினேன், ஐந்தாம் அத்தியாயம் முடித்தேன்.

6 அக்டோபர், திங்கள்

பள்ளி திறந்தது. லேப் செத்துக் கிடக்கிறது.

எந்தக் கம்ப்யூட்டரிலும் உள்ளே போக முடியவில்லை. பெயர் கொடுத்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் சர்வரை நோக்கி எழுந்ததும், மிஸ் என்னைப் பார்க்காமலே, "உலகு, நீ உக்காரு" என்றார்.

மத்தியானம் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் மேசையில் பேனாக்கள்கூட உயர வரிசையில் இருக்கும். மிஸ்ஸும் முப்பிடாதி அக்காவும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"லீவுக்கு முன்னால கடைசியா சர்வரத் தொட்டது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"கறுப்பா தெரிஞ்சிச்சி டீச்சர், வெள்ள எழுத்து ஓடுன ஓட்டத்தப் பாக்கணுமே. இவ தட்டிக்கிட்டே இருந்தா" என்றாள் முப்பிடாதி அக்கா. நான் என்ன செய்தேன் என்று விளக்கினேன். பிரிண்டர் என்று சொல்லும்போதே பெரிய டீச்சர் கையை உயர்த்தினார்.

"ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் ஜன்னலைப் பார்த்தார்.

யாரிடமும் சொல்லாதே என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை.

முடிவு இதுதான். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். சர்வரை நான்தான் கெடுத்தேன் என்று அதில் இருக்க வேண்டும், அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் வரும்வரை நான் லேபுக்குள் கால் வைக்கக் கூடாது. இருபத்து நான்காம் தேதி நடக்கும் செய்முறைத் தேர்விலும் எனக்கு இடம் இல்லை.

வெளியே வந்ததும் மிஸ் ஒரு தாளைக் கையில் திணித்தார். கடிதத்தை அவரே எழுதி வைத்திருந்தார், நான் பார்த்து எழுதினால் போதும். எழுத்து அழகாக இருந்தது.

மிஸ்ஸுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

7 அக்டோபர், செவ்வாய்

எழுத மாட்டேன்.

8 அக்டோபர், புதன்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினோம்.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ஒரு தாளுதான?"

"நான் செய்யலம்மா."

"செஞ்சவியளா எல்லாம் மன்னிப்புக் கேக்காவ? நான் ஒங்க அத்தைகிட்ட எத்தன தடவ கேட்ருக்கேன்."

"அதனாலதான் அத்த இன்னும் ஒங்கள ஏசுதாவ."

அம்மா உரித்த வெங்காயத்தை என் மேல் எறிந்தாள். நாங்கள் அழுதது வெங்காயத்தால்.

9 அக்டோபர், வியாழன்

லேப் நேரத்தில் எனக்கு வராந்தா பெஞ்சு. பெஞ்சுக்கு மேலேயே லேப் ஜன்னல். எழுந்து நின்றால் கம்பி வழியாக எல்லாம் தெரிகிறது. இதை யாரும் யோசிக்கவில்லை.

உள்ளே எல்லாரும் புரோகிராமைக் காகிதத்தில் எழுதுகிறார்கள். நான் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கம்ப்யூட்டர் வயர்களும் சர்வரின் வயரும் அதில்தான் வந்து சேர்கின்றன. அதற்குச் சுவிட்ச் என்று பெயர். ஃபேன் சுவிட்சோடு குழம்பாமல் இருக்க நான் வயர்ப்பெட்டி என்று எழுதுகிறேன். ஒவ்வொரு வயருக்கும் ஒரு பச்சை விளக்கு. அந்தக் கம்ப்யூட்டர் பேசினால் அது மினுக்கும். முன்பெல்லாம் ஒன்று மினுக்கும், ஒன்று சும்மா இருக்கும், வகுப்பில் பிள்ளைகள் மாதிரி.

இப்போது எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கின்றன. ஒரே தாளத்தில், ஒரு நொடிகூட ஓயாமல். யாருமே கம்ப்யூட்டரில் வேலை செய்யாதபோது இத்தனை பேச்சு யாருடையது?

10 அக்டோபர், வெள்ளி

புத்தகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயம், கீழே சின்ன எழுத்தில்.

ஒரு கம்ப்யூட்டர் 'இன்னார் எங்கே?' என்று கேட்டால், வயர்ப்பெட்டி அந்தக் கேள்வியை எல்லா வயரிலும் அனுப்பும். ஒரே வயரின் இரண்டு முனையையும் அதே பெட்டியில் செருகிவிட்டால், ஒரு முனை வழியாகப் போன கேள்வி மறுமுனை வழியாகப் பெட்டிக்கே திரும்பி வரும். புதுக் கேள்வி என்று நினைத்துப் பெட்டி மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். அது மறுபடி திரும்பி வரும். முடிவே இல்லை. அந்த இரைச்சலில் வேறு யார் பேச்சும் கேட்காது. விளக்குகள் ஒன்றாகத் துடிப்பதுதான் அடையாளம்.

மூன்று தடவை படித்தேன். ஆனால் இது புத்தகம். சோதித்துப் பார்க்க வேண்டும்.

14 அக்டோபர், செவ்வாய்

சோதித்தாயிற்று.

சாப்பாட்டு மணி அடித்து மிஸ் போனதும் ஹமீதா ஜன்னலைத் திறந்தாள். சர்வர் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கீபோர்டைக் கம்பியருகே நகர்த்தச் சொன்னேன்.

"ஏட்டி, ஒன்ன உள்ள வரக் கூடாதுன்னுருக்காவ."

"கால் வைக்கக் கூடாதுன்னுதான சொன்னாவ? கையப் பத்தி யாரும் சொல்லல."

கம்பிக்குள் கை விட்டுப் பாஸ்வேர்டை நானே அடித்தேன். ஹமீதாவுக்குச் சொல்லவில்லை, வாக்கு வாக்குதான். முதலில் பிங். பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்ப்பது அது. கூப்பிட்டதில் பாதிக்குப் பதிலே இல்லை. பிறகு, வயரில் ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரை வெள்ளமாக ஓடியது.

"ஒரே வரிதான்ட்டி ஓடுது. இன்னாரு எங்க இருக்காருன்னு ஒருத்தி கேக்கா" என்றாள் ஹமீதா.

"பதில் வரலியா?"

"எங்க வர விடுதா? கேட்டுக்கிட்டே இருக்கா. எங்க பெரியம்மா மாதிரி."

"இப்ப சர்வரோட வயர வயர்ப்பெட்டில இருந்து பிடுங்கு."

"கெட்டுப்போச்சுன்னா?"

"ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கு."

பிடுங்கினாள். சர்வர் இப்போது யாரோடும் சேராமல் தனியாக நின்றது. திரையில் ஓட்டம் சட்டென்று நின்றது. நான் வயர்ப்பெட்டியைப் பார்த்தேன். விளக்குகள் அதே மாதிரி துடித்துக்கொண்டிருந்தன.

சர்வரே இல்லாதபோதும் இரைச்சல் இருக்கிறது என்றால், சர்வரில் நான் தட்டியது எதுவும் காரணம் இல்லை. இதைவிட எளிதாக யாருக்கும் சொல்ல முடியாது.

வயர் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்வதற்குள் மிஸ் வந்துவிட்டார். கம்பிக்குள் இருந்த என் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பாஸ்வேர்டு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

நான் கண்டதைச் சொன்னேன். மிஸ் கேட்டார், கேட்டு முடித்து சர்வர் வயரைத் தானே திரும்பச் செருகினார்.

"வெள்ளிக்கிழமை சர்வீஸ்காரர் வாராரு. அவரு பாத்துக்கிடுவாரு. நீ எழுதிக் குடுத்துரு உலகு. நான் கேக்கேம்லா."

"என்ன எழுத மிஸ்?"

அவர் கீபோர்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

17 அக்டோபர், வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

லேபுக்குக் கூப்பிட்டார்கள். நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். உள்ளே பெரிய டீச்சர், மிஸ், டீ கொண்டுவந்த முப்பிடாதி அக்கா, லேப் லீடர் என்பதால் ஹமீதா. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சர்வீஸ்காரர் ஜெரால்டு சார் சர்வருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டூடண்ட் எதையோ மாத்திருந்தா எங்கன்னு தேட முடியாது மேடம். ஃபார்மட் அடிச்சிட்டுப் புதுசா போட்டுரலாம். பிள்ளைங்க ஃபைல் எல்லாம் போயிரும், பரவால்லயா?"

பெரிய டீச்சர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வாசல் பக்கத்து மேசையில் வைத்தார். "இவளால எத்தன பேரு வேல போவுது பாருங்க. எழுது. எழுதிட்டு உள்ள வா."

"எழுத மாட்டேன் டீச்சர். அந்த சர்வர் வயரப் பிடுங்கிட்டு வயர்ப்பெட்டியப் பாக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் என் மேலதான் தப்புன்னா எழுதுதேன்."

"ஒன்னயக் கேட்டா ஃபார்மட் பண்ணணும்?"

ஆனால் ஜெரால்டு சார் எழுந்துவிட்டார். வயரைப் பிடுங்கினார். விளக்குகளைப் பார்த்தார். "அட" என்றார்.

"ஒரே வயரோட ரெண்டு முனையும் அந்தப் பெட்டியில இருக்கும் சார்" என்றேன்.

அவர் ஒவ்வொரு வயராக விரலால் பிடித்துக்கொண்டு போனார். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அந்த மேசை வயர்ப்பெட்டிக்கு நேர் கீழே. அதன் வயர் பெட்டியிலிருந்து கிளம்பி, அழகாக ஒரு வளையம் போட்டு, அதே பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது.

"சரிதான் மேடம். இதான் கோளாறு. சர்வர்ல ஒண்ணுமில்ல."

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். "அப்ப இத நீதான் சொருவிருக்க. இல்லாட்டி வெளிய நின்னுக்கிட்டு எப்படிக் கரெக்டாச் சொல்லுத?"

பதிலைக் கண்டுபிடித்ததே குற்றமாகிவிட்டது. அப்போதுதான் சந்தனத்தைப் பார்த்தேன். வயர்ப்பெட்டியின் ஓரத்தில் பெரிய பொட்டு. அது காய்ந்து, பெட்டியையும் அந்த வயரின் முனையையும் சேர்த்து ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கீறல்கூட இல்லை.

"பொட்டு வயருக்கு மேல இருக்கு டீச்சர். பொட்டு வைக்கதுக்கு முன்னாலயே வயரு உள்ள போயிருக்கு. முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் நல்லா ஓடிச்சு. அப்ப, பூஜையன்னைக்குக் காலைல சொருவுனதுதான். நான் அன்னைக்கு லேபுக்கே வரல."

"ஏன் வரல?"

சாரைப் பார்த்துவிட்டு மிஸ் அவசரமாகச் சொன்னார், "அவளுக்கு அன்னைக்கு வயித்துவலி டீச்சர்."

நான் இந்த நோட்டில்கூட அதை எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை என்று எழுதினேன். அங்கே நின்றுகொண்டு அதை நினைத்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"வயித்துவலி இல்ல டீச்சர். எனக்குப் பீரியட்ஸ். பூஜைக்கு உள்ள வரக் கூடாதுன்னு சைக்கிள் ஷெட்ல உக்கார வச்சிருந்தாவ. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

ஜெரால்டு சார் வயர்ப்பெட்டியை மிகவும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். முப்பிடாதி அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏ பிள்ள, அப்ப அதுக்கு முந்தின நாளு சர்வரத் தொட்டியே?"

"அன்னைக்குத்தான் எனக்கு முத நாளு, அக்கா."

"அதான் பாத்தேன். தீட்டோட தொட்டா மெஷினு எப்படி ஓடும்?"

பெரிய டீச்சர் அதை மறுக்கவில்லை. இவ்வளவு நாளும் தேடிய காரணம் கிடைத்துவிட்டது போல என்னைப் பார்த்தார். எனக்குப் பயம் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை.

"நான் தொட்டப்ப நல்லா ஓடிச்சு டீச்சர். நீங்க சுத்தம் பண்ணின பிறகுதான் நின்னுச்சு."

ஹமீதா வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்த்ததும்தான் சைக்கிள் ஷெட்டில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெரிய டீச்சர் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல். "பாக்க நல்லாயில்லன்னு நான்தான் சொருவுனேன்."

ஜெரால்டு சார் வயரை இழுத்தார். சந்தனம் உதிர்ந்தது. விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்த மாதிரி இருந்து, பிறகு ஒன்று, அப்புறம் எங்கேயோ இன்னொன்று, தன்தன் பாட்டுக்கு மினுக்க ஆரம்பித்தன. சர்வர் வயரையும் திரும்பச் செருகியதும் ஹமீதா பக்கத்துக் கம்ப்யூட்டரில் தன் பெயரைக் கொடுத்தாள். வட்டம் சுற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

"பாஸ்வேர்டு நான் குடுத்தது டீச்சர். சர்வரப் பாக்கச் சொன்னதும் நான்தான்" என்றார் சண்முகவடிவு மிஸ். குரல் மெலிதாக இருந்தது. ஆனால் இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை.

பெரிய டீச்சர் வெள்ளைத் தாளை எடுத்து நான்காக மடித்தார். "சரி. இருவத்தி நாலாந்தேதி ப்ராக்டிகலுக்கு வா."

"இப்பவே வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் படியைத் தாண்டினேன். என் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதமும் இல்லை.

அதே நாள், இரவு

அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கரண்டி நடுவில் நின்றது.

"ஆம்பள ஆளு இருக்கையிலயா?"

"ஆமா."

"சத்தமாவா?"

"ஆமா."

தோசை ஒரு பக்கம் கருகியது. அம்மா அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நல்ல தோசையை எனக்கு வைத்தாள்.

21 அக்டோபர், செவ்வாய்

தீபாவளி முடிந்தது. முறுக்கு மிச்சம் இருக்கிறது. படிக்க வேண்டியதும்.

23 அக்டோபர், வியாழன்

காலையில், இந்த மூன்று நாளும் அம்மா வழக்கமாக எனக்கென்று தனியாக எடுத்து வைக்கும் தட்டையும் டம்ளரையும் தேடினேன். அவை மற்றப் பாத்திரங்களோடு கலந்து அடுக்கில் இருந்தன. எது என்னுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏதோ ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன்.

24 அக்டோபர், வெள்ளி

செய்முறைத் தேர்வு. லேபுக்கு மறுபடி எதுவும் ஆகிவிடக் கூடாது என்று, தேர்வுக்கு முன்னால் சின்னதாக ஒரு பூஜை வைத்தார்கள். சர்வருக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அப்பாவின் மண்டியில் வாங்கியதாகத்தான் இருக்கும். வயர்ப்பெட்டிக்குப் புதுப் பொட்டு. அதற்குக் கீழே ஜெரால்டு சார் ஒட்டிவிட்டுப் போன சீட்டு: 'வயர்களைத் தொடாதீர்கள்.'

முப்பிடாதி அக்கா வாசலில் கற்பூரத் தட்டோடு நின்று, "வெளிய இருக்க வேண்டியவிய இருந்துக்கோங்க. முடிஞ்ச பிறகு கூப்பிடுதேன்" என்றாள். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் ஷெட் பக்கம் திரும்பினார்கள்.

நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருத்தி உதறிவிட்டுப் போய்விட்டாள். பூங்கொடி உதறவில்லை. வரிசையில் நின்று, முப்பிடாதி அக்காவைத் தாண்டி, இரண்டு பேரும் உள்ளே போனோம். பெரிய டீச்சர் சாமி படத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு நாள் கணக்கு யாருக்கும் தெரியும். வாயைத் திறந்தார், பிறகு மணியை எடுத்து அடித்தார்.

எனக்குச் சர்வருக்குப் பக்கத்து இடம் கிடைத்தது. கற்பூரம் அணைந்ததும் என் பெயரைக் கொடுத்தேன். உடனே வந்துவிட்டது. புரோகிராமை எழுதி, ஓட்டி, விடை சரிபார்த்து, எல்லாருக்கும் முன்னால் முடித்தேன். மிச்ச நேரம் வயர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மினுக்கியது, ஒன்று சும்மா இருந்தது.

இன்று எனக்கு இரண்டாம் நாள். சர்வர் நன்றாக ஓடுகிறது.